கியூபாவின் மேட்டுப்பாத்திகள்: தட்டுப்பாட்டுக் காலத்தில் விளைந்த கோடைக் காய்கறிகள்

ஆர்கனோபோனிக்கோ என்பது கியூபா நாட்டின் நகரங்களில் காணப்படும் மேட்டுப்பாத்திக் காய்கறித் தோட்டத்துக்கு வழங்கும் பெயர். சிமெண்டுக் கல், ஓடு, பலகை, பாறை என்று கிடைத்த பொருளால் சுற்றுச்சுவர் எழுப்பி, அதனுள் மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்பி, அதில் காய்கறிகளும் கீரைகளும் பயிரிடுவார்கள். 1990களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது கியூபாவில் கடும் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது இந்தத் தோட்டங்கள் நாடெங்கும் பரவின. இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் ஏறக்குறைய இல்லாத நிலையில், வெப்பமும் மழையும் பூச்சியும் மிகுந்த வெப்பமண்டலக் கோடையில் நகர மக்கள் காய்கறி விளைவித்த வரலாறு இது.

மேட்டுப்பாத்தி அமைத்ததாலேயே கியூபா வெற்றி பெற்றது என்று சிலர் சுருக்கமாகச் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. பாத்தி என்பது மண்ணை வைத்திருக்கும் ஒரு பெட்டி மட்டுமே. அந்தப் பெட்டிக்கு உரம், நிழல், நன்மை செய்யும் பூச்சிகள், பருவத்துக்கேற்ற பயிர், பாடுபடுபவருக்கு நியாயமான வருவாய் ஆகியவை சேர்ந்து கிடைத்தபோதுதான் அது விளைந்தது. இவற்றில் ஒன்று குறைந்த இடங்களில் விளைச்சலும் குறைந்தது.

நெருக்கடிக்கு முந்தைய வேளாண்மை

1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகும் கியூபாவின் முதன்மைப் பயிர் கரும்பாகவே இருந்தது. சர்க்கரையைச் சோவியத் ஒன்றியம் உலகச் சந்தையை விட உயர்ந்த விலைக்கு வாங்கிக்கொண்டது. அதற்கு ஈடாகப் பெட்ரோலியம், டிராக்டர், உரம், பூச்சிக்கொல்லி, தானியம் ஆகியவை வந்தன. பெரிய அரசுப் பண்ணைகள் இயந்திரங்களையும் இரசாயனங்களையும் நம்பி இயங்கின. மக்கள் உண்ட உணவின் கலோரியில் பாதிக்கு மேல் இறக்குமதியிலிருந்தே கிடைத்தது.

மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நகரங்களில் வாழ்ந்தனர். தலைநகர் ஹவானாவில் மட்டும் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். நகரத்துக்குள் காய்கறி பயிரிடுவது பழைய காலத்து ஏழைமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. 1847 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீனர்கள், ஒப்பந்தம் முடிந்தபின் ஹவானாவின் ஓரங்களில் காய்கறித் தோட்டம் வைத்து, கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றனர். காலப்போக்கில் அந்தத் தோட்டங்கள் அருகிப்போயின.

காய்கறியை விரும்பி உண்ணும் பழக்கமும் கியூபர்களிடம் குறைவு. சோறு, கறுப்பு அவரை, பன்றி இறைச்சி, கிழங்கு ஆகியவையே அவர்களுடைய அன்றாட உணவு. கீரை வகைகளை அவர்கள் பெரிதாக மதிக்கவில்லை.

சிறப்புக் காலம்

1991ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அதற்கு முன்பே அங்கிருந்து வரும் கப்பல்கள் குறையத் தொடங்கிவிட்டன. கியூப அரசு இந்த ஆண்டுகளைச் சமாதான காலத்தின் சிறப்புக் காலம் என்று அழைத்தது. போர்க்கால நெருக்கடிக்கான ஏற்பாடுகள் போரில்லாத நாளிலேயே தேவைப்பட்டதால் வந்த பெயர் அது. உர இறக்குமதி நான்கில் மூன்று பங்குக்கு மேல் சரிந்தது. பூச்சிக்கொல்லி இறக்குமதி பாதிக்கும் மேல் குறைந்தது. எரிபொருள் இல்லாமல் டிராக்டர்கள் நின்றன. உழவுக்கு மீண்டும் காளைகள் பழக்கப்பட்டன. 1992இல் அமெரிக்கா தன் வணிகத் தடையை மேலும் இறுக்கியது.

கிராமத்தில் விளைந்ததை நகரத்துக்குக் கொண்டுவர லாரி ஓடவில்லை. கொண்டுவந்தாலும் கெடாமல் வைக்கக் குளிர்பதன அறைகளுக்கு மின்சாரம் இல்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாகக் கிடைத்த உணவு, 1980களின் இறுதியில் 2,900 கலோரி அளவில் இருந்தது. 1993இல் 1,900 கலோரிக்கும் கீழே இறங்கியது. மக்கள் உடல் மெலிந்தனர்.

அந்த ஆண்டுகளில் ஒரு புதிய நோய் பரவியது. கண் மங்கியது, கைகால்கள் மரத்துப்போயின. மேற்குக் கோடியிலுள்ள பினார் தெல் ரியோ மாநிலத்தில் முதலில் காணப்பட்ட இந்த நரம்பு நோய், 1993க்குள் 50,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. பி வகை உயிர்ச்சத்துகளின் பற்றாக்குறையே இதற்கு முக்கியக் காரணம் என்று கண்டறியப்பட்டது. நாடு முழுவதும் உயிர்ச்சத்து மாத்திரைகள் வழங்கப்பட்ட பின் நோய் தணிந்தது. வயிறு நிரம்புவது மட்டும் போதாது, காய்கறியும் கீரையும் பாலும் மாமிசமும் இல்லாத உணவு கண்ணையே பறிக்கும் என்பதை நாடு கண்கூடாகக் கண்டது. நகரத்துக்குள் காய்கறி விளைவிப்பது அந்த நாள்களில் பொழுதுபோக்காகவோ அழகுக்காகவோ செய்யப்பட்ட வேலையாக இருக்கவில்லை.

தொட்டியிலிருந்து பாத்திக்கு

மண்ணில்லாமல் ஊட்டச்சத்துக் கரைசலில் செடி வளர்க்கும் முறை ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும். கியூபாவில் நெருக்கடிக்கு முன்பே இம்முறையில் காய்கறி வளர்க்கும் கூடங்கள் இருந்தன. நீண்ட சிமெண்டுத் தொட்டிகளில் கூழாங்கல் நிரப்பி, இறக்குமதி செய்த உப்புகளைக் கரைத்து ஓடவிடுவார்கள். உப்புகள் வருவது நின்றபோது இந்தத் தொட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றில் மண்ணையும் மக்கிய எருவையும் நிரப்பிப் பயிரிட்டுப் பார்த்தார்கள். ஹைட்ரோபோனிக்கோ என்ற ஸ்பானியச் சொல் அதிலிருந்துதான் ஆர்கனோபோனிக்கோ ஆயிற்று. இயற்கை உரத்தில் விளைவது என்பது அதன் கருத்து.

இம்முறைக்கு முதல் ஆதரவு படைத்துறையிலிருந்து வந்தது. 1987ஆம் ஆண்டின் இறுதியில், அன்று பாதுகாப்பு அமைச்சராயிருந்த ராவுல் காஸ்ட்ரோ ஒரு படை முகாமுக்குச் சென்றபோது, அங்கு ஒரு பெண் பொறியாளர் இரசாயன உரமில்லாமல் தொட்டிகளில் காய்கறி வளர்த்திருப்பதைக் கண்டார். அதை மற்ற முகாம்களிலும் செய்யும்படி ஊக்குவித்தார்.

படை முகாமைத் தாண்டி முதல் தோட்டங்களுள் ஒன்று 1991இல் ஹவானாவின் மிராமார் பகுதியில் உருவானது. தேசியச் சேமிப்பு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜெனரல் மோயிசேஸ் சியோ வோங் இதை முன்னின்று நடத்தினார். இவர் கியூபாவில் குடியேறிய சீனப் பெற்றோரின் மகன். காஸ்ட்ரோவுடன் சியரா மாயெஸ்த்ரா மலையில் போரிட்டவர்.

நகரங்களில் காலியிடத்துக்குக் குறைவில்லை. இடிந்த கட்டடங்களின் மனைகள், கட்டி முடிக்காமல் விட்ட இடங்கள், குப்பை கொட்டிய திடல்கள் ஏராளமாக இருந்தன. ஆனால் அங்கிருந்த மண் செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் கண்ணாடிச் சில்லும் கலந்தது. அதில் எதுவும் முளைக்காது. கீழே உள்ள மண்ணைத் தொடாமல், அதன் மேலேயே ஒரு புதிய மண்ணை உருவாக்குவதற்கு மேட்டுப்பாத்தியே வழி. கியூபர்கள் இந்த முறையைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் இதுதான். மண் நன்றாக இருந்த இடங்களில் சுவர் எழுப்பாமல் மண்ணையே மேடாக்கிப் பயிரிட்டனர். அதற்குத் தீவிரத் தோட்டம் என்று வேறு பெயர்.

பாத்தியின் அமைப்பு

பாத்தியின் அகலம் ஒரு மீட்டரிலிருந்து 1.2 மீட்டர் வரை இருக்கும். இருபுறமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும் என்பதே இந்த அளவுக்குக் காரணம். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகிவிடும். வேருக்குக் காற்றுப் போகாது. நீளம் இடத்துக்கேற்ப 30 மீட்டர் வரையும் போகும். இரண்டு பாத்திகளுக்கிடையே ஒருவர் நடந்துபோக அரை மீட்டர் அளவுக்கு நடைபாதை விடப்படும்.

நிரப்பும் கலவையில் பாதியளவேனும் மக்கிய கரிமப் பொருளாக இருக்க வேண்டும் என்பது விதி. சாணம், கோழி எரு, இலைதழை மக்கு, சர்க்கரை ஆலையில் சாறு வடிகட்டியபின் மிஞ்சும் ஆலைச்சேறு ஆகியவை பயன்பட்டன. தமிழ்நாட்டு உழவர்களும் கரும்பு ஆலைச்சேற்றை உரமாக இடுவதுண்டு. வெப்பநாட்டில் கரிமப் பொருள் மிக விரைவாகச் சிதைந்து கரைந்துபோகும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் சதுர மீட்டருக்கு 10 கிலோ வீதம் எரு சேர்க்க வேண்டும் என்று வகுத்தனர்.

இந்த எருவுக்கு மண்புழு உரம் பெரிதும் உதவியது. 1986இல் இரண்டு சிறு பெட்டிகளில் மண்புழு வளர்ப்புத் தொடங்கியது. 1992க்குள் 172 மையங்களாகி, அவ்வாண்டில் 93,000 டன் உரம் தந்தது. நெருக்கடி வருமுன்பே சிலர் சிறிய அளவில் செய்து பார்த்த வேலை, நெருக்கடி வந்தபோது கைகொடுத்தது என்பதற்கு இது ஒரு சான்று.

கோடையின் வெப்பமும் மழையும்

கியூபா கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே உள்ள தீவு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிதமான வறண்ட காலம். மே முதல் அக்டோபர் வரை வெப்பமும் மழையும் சேர்ந்த காலம். ஆண்டு மழையில் ஐந்தில் நான்கு பங்கு இந்தக் கோடைப் பருவத்தில்தான் பெய்கிறது. தக்காளி, முட்டைக்கோசு, கேரட், சலாது போன்றவற்றுக்குக் குளிர்ச்சியான காலமே ஏற்றது. எனவே கோடையில் சந்தை வெறிச்சோடும் வழக்கம் நெடுநாளாகவே இருந்தது.

மேட்டுப்பாத்தி ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றைக் கொடுத்தது. கொட்டும் மழையில் தரைமட்ட வயலில் நீர் தேங்கி வேர் அழுகும். மேட்டுப்பாத்தியில் நீர் வடிந்துவிடும். ஆனால் மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் நாள்களில் அதே பாத்தி விரைவில் காய்ந்துவிடும். சிமெண்டுச் சுவர்கள் சூடேறி ஓர வேர்களைச் சுடும். இதைச் சமாளிக்க மூன்று வழிகளைக் கையாண்டனர்.

முதலாவது, பயிரைப் பருவத்துக்கேற்பத் தேர்வு செய்தல். கோடையில் தக்காளியை வற்புறுத்தி வளர்ப்பதை விட்டு, வெப்பத்தைத் தாங்கும் வெண்டை, வெள்ளரி, கத்தரி, நீளமான காராமணிக் காய், சீன முட்டைக்கோசு வகை ஆகியவற்றை முன்னிறுத்தினர். ஒரு முழ நீளத்துக்கு மேல் தொங்கும் இந்தக் காராமணியைத் தமிழ்நாட்டில் பயத்தங்காய் என்றும் தட்டைக்காய் என்றும் சொல்வார்கள். கியூபக் கோடைத் தோட்டங்களில் அதுவே முதன்மையான காய்களுள் ஒன்றாயிற்று. எந்த மாதத்தில் எதை விதைப்பது என்ற அட்டவணையைத் தேசிய நகர்ப்புற வேளாண்மைக் குழு தோட்டந்தோறும் வழங்கியது. இக்குழுவுக்கு, 1904இல் சாந்தியாகோ தே லாஸ் வேகாஸ் என்ற ஊரில் தொடங்கப்பட்ட வேளாண் ஆய்வு நிலையத்தின் வழிவந்த இனிஃபாட் நிறுவனம் துணை நின்றது.

இரண்டாவது, நிழல். கம்பங்கள் நட்டு, பாத்திகளுக்கு மேல் நிழல்வலை கட்டினர். பக்கங்களை மூடுவதில்லை, காற்று ஓட வேண்டும். வெயிலின் ஒரு பகுதியை வலை தடுப்பதால் சலாது போன்ற மென்மையான இலைகளையும் கோடையில் ஓரளவு எடுக்க முடிந்தது. பெரிய மழைத்துளிகள் இளங்கன்றுகளை அடித்துச் சாய்ப்பதையும் வலை குறைத்தது. வலை வாங்க வழியில்லாத இடங்களில் பந்தலில் ஏறும் கொடிகளும் மக்காச்சோள வரிசையும் நிழல் தந்தன.

மூன்றாவது, நாற்று. விதையை நேரே பாத்தியில் தூவாமல், நிழலடியில் தட்டுகளில் இரண்டு மூன்று வாரம் வளர்த்து, வேர்மண்ணோடு எடுத்து நட்டனர். இதனால் இளஞ்செடி கடும் வெயிலில் நிற்கும் நாள்கள் குறைந்தன. ஒரு பயிரை அறுத்தவுடனே அடுத்ததை நடவும் முடிந்தது.

பூச்சிகளோடு போராட்டம்

ஈரமும் வெப்பமும் சேர்ந்த கோடையில் பூச்சிகள் பெருகும். 1980களின் இறுதியிலிருந்து வெள்ளை ஈயும் அது பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரியும் கியூபத் தக்காளியை அழித்துவந்தன. 1996ஆம் ஆண்டின் இறுதியில் மத்தான்சாஸ் மாநிலத்தில் திரிப்ஸ் பால்மி என்ற இலைப்பேன் முதல்முறையாகக் காணப்பட்டது. இது உருளைக்கிழங்கு, வெள்ளரி, கத்தரி, அவரை என்று பலவற்றையும் தாக்கும். தன் வான்வெளியில் பறந்த அமெரிக்க விமானமே இதைத் தூவியது என்று கியூபா குற்றம் சாட்டியது, அமெரிக்கா மறுத்தது. 1997இல் ஜெனீவாவில், உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கையின் கீழ் இதற்காக ஒரு கூட்டமே நடந்தது. உறுதியான முடிவு எதுவும் எட்டப்படவில்லை. தோட்டக்காரருக்கோ, பூச்சி எங்கிருந்து வந்தாலும் அதை விரட்டியாக வேண்டும்.

நகரத் தோட்டங்களில் இரசாயனப் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது என்று விதி வந்தது. அருகிலேயே வீடுகளும் பள்ளிகளும் இருந்தன; வாங்க மருந்தும் இல்லை. ஆகவே வேறு வழிகளை நாடினர். அவை பல அடுக்குகளாக அமைந்தன.

தோட்டத்தைச் சுற்றிலும் மக்காச்சோளம் அல்லது சோளம் நெருக்கமாக விதைக்கப்பட்டது. பறந்துவரும் அசுவினியையும் வெள்ளை ஈயையும் இந்த உயிர்வேலி தடுத்தது. அத்துடன், அவற்றைத் தின்னும் பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தங்குமிடமாகவும் இருந்தது. ஒவ்வொரு பாத்தியின் இரு முனையிலும் துலுக்கச் சாமந்தியோ திருநீற்றுப்பச்சையோ நடப்பட்டது. மஞ்சள் வண்ணம் பூசிய தகடுகளில் கிரீஸ் அல்லது எண்ணெய் தடவிப் பாத்திகளுக்கிடையே நட்டுவைத்தனர். மஞ்சள் நிறத்தால் ஈர்க்கப்படும் வெள்ளை ஈயும் அசுவினியும் அதில் ஒட்டிக்கொள்ளும். இலைப்பேனுக்கு நீல நிறத் தகடு.

தெளிப்பதற்குப் புகையிலைக் கழிவு ஊறிய நீரும் வேப்பங்கொட்டைச் சாறும் பயன்பட்டன. சுருட்டுக்குப் பெயர்பெற்ற நாட்டில் புகையிலைத் தண்டுக்குப் பஞ்சமில்லை. வேம்பு இந்தியத் துணைக்கண்டத்துக்குரிய மரம். இதைக் கியூபாவில் 1990களில் பரவலாக நட்டு, அதன் கொட்டையிலிருந்து பூச்சி விரட்டிகள் தயாரித்தனர்.

இவற்றுக்கெல்லாம் பின்பலமாக ஆய்வுக்கூடங்கள் இருந்தன. பயிர்களைத் தாக்கும் பூச்சிகளுக்கு எதிரியான உயிர்களை வளர்த்துத் தரும் சிற்றூர்க் கூடங்களைக் கியூபா 1988 முதல் அமைத்துவந்தது. 1990களில் அவற்றின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களே அங்கு தொழில்நுட்பப் பணியாளர்கள். அரிசி போன்ற எளிய பொருள்களின் மேல் பூவேரியா பாசியானா என்ற பூஞ்சையை வளர்த்தனர். இது வண்டுகளைக் கொல்லும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா புழுக்களைக் கட்டுப்படுத்தியது. வெள்ளை ஈக்கு வெர்ட்டிசிலியம் பூஞ்சை பயன்பட்டது. தானிய அந்துப்பூச்சியின் முட்டைகளில் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணிக் குளவியை வளர்த்து வயல்களில் விட்டனர்.

கியூப உழவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. கரும்புத் தண்டுத் துளைப்பானை அழிக்க ஓர் ஒட்டுண்ணி ஈயை 1930களிலேயே அங்கு பயன்படுத்தினர். வள்ளிக்கிழங்கு வயல்களில் கூன்வண்டை ஒழிக்க எறும்புகளை ஏவும் முறையும் உண்டு. வாழைத்தண்டுத் துண்டுகளில் இனிப்புத் தடவி எறும்பு மிகுந்த இடத்தில் வைப்பார்கள். எறும்புகள் அதில் குடியேறியதும், துண்டுகளை எடுத்துக் கிழங்கு வயலில் போடுவார்கள். வெயிலில் துண்டு காய்ந்ததும் எறும்புகள் மண்ணுக்குள் இறங்கி, அங்கிருக்கும் கூன்வண்டுப் புழுக்களைத் தின்னும்.

பாத்திக்குள் இருந்த எதிரி

மேட்டுப்பாத்தியில் ஓராண்டில் பல பயிர்கள் அடுத்தடுத்து வரும். மண் ஓய்வதே இல்லை. இதனால் சில ஆண்டுகளில் வேர்முடிச்சு நூற்புழு பெருகியது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு வேரில் முடிச்சுகளை உண்டாக்கிச் செடியை வாட்டும். உரத்தோடோ நாற்றோடோ ஒருமுறை நுழைந்துவிட்டால், சுவர் சூழ்ந்த அந்தச் சிறிய இடத்தில் அது நிலைத்துவிடும். பல தோட்டங்களில் விளைச்சலைக் குறைத்தது இதுவே. மேட்டுப்பாத்தி எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடும் என்ற எண்ணத்துக்கு இது மறுப்பாக அமைந்தது.

இதற்குக் கண்ட வழிகளுள் ஒன்று பொறிப்பயிர். சலாதையோ முள்ளங்கியையோ விதைத்தால் நூற்புழு அதன் வேருக்குள் புகும். புழு முட்டையிடும் முன்னரே, ஏறத்தாழ 25 முதல் 30 நாளுக்குள், செடியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அறுவடையும் ஆயிற்று, புழுவும் வெளியேறிற்று. வேரைத் தோட்டத்தில் விடாமல் அகற்றுவது இதில் முக்கியம். கோடையின் உச்சத்தில் பாத்தியை நனைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடிச் சில வாரம் விடுவது மற்றொரு வழி. வெயிலின் சூட்டிலேயே புழுக்கள் மடியும். எந்த வெயில் பயிருக்குப் பகையோ அதே வெயிலைக் கருவியாக்கிய முறை இது. டிரைக்கோடெர்மா பூஞ்சையைச் சேர்ப்பதும் பயிர்ச் சுழற்சியும் துணைசெய்தன.

உழைத்தவர்களும் வருவாயும்

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் உழவர்கள் அல்லர். வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்கள், ஓய்வுபெற்றவர்கள், இல்லத்தரசிகள், பொறியாளர்கள் என்று பலரும் வந்தனர். மண்வெட்டி பிடித்தறியாதவர்களுக்கு வழிகாட்ட, நகரின் பல பகுதிகளில் வேளாண் ஆலோசனைக் கடைகள் திறக்கப்பட்டன. விதை, நாற்று, உயிரியல் மருந்து, கருவிகள் அங்கே விற்றன. நோயுற்ற இலையைக் கொண்டுபோய்க் காட்டி யோசனையும் கேட்கலாம்.

நிலம் அரசுடையது. பயிரிடுபவருக்கு அதை அனுபவிக்கும் உரிமை வாடகையின்றித் தரப்பட்டது. 1993 செப்டம்பரில் பெரிய அரசுப் பண்ணைகளைப் பிரித்துக் கூட்டுறவு அலகுகளாக்கும் சட்டம் வந்தது. 1994 அக்டோபரில் உழவர் சந்தைகள் திறக்கப்பட்டன; விளைபொருளின் ஒரு பகுதியை விலைக்கு விற்க வழி பிறந்தது. ஆர்கனோபோனிக்கோவின் வாசலிலேயே ஒரு விற்பனை மேடை இருந்தது. காலையில் பறித்த கீரையை அக்கம்பக்கத்தார் அங்கேயே வாங்கினர். லாரியும் குளிர்பதனமும் தேவைப்படவில்லை. பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள், மருத்துவமனைகளுக்கும் ஒரு பங்கு சென்றது. விற்ற பணத்தில் தொழிலாளர் பங்கு பெற்றதால், பல இடங்களில் அவர்களுடைய வருவாய் அரசு ஊழியரின் சம்பளத்தை விட அதிகமாயிற்று. நிழல்வலையைச் சரிசெய்வதும், வேர்களைப் பொறுக்குவதும், மஞ்சள் தகட்டுக்குத் திரும்பத் திரும்ப எண்ணெய் தடவுவதும் நாள்தோறும் கவனம் கேட்கும் வேலைகள். பங்கு கிடைக்கும் இடத்தில்தான் அந்தக் கவனம் நிலைத்தது.

ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 20 கிலோ காய்கறி என்பதும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி என்பதும் இலக்குகளாக வைக்கப்பட்டன. 1990களின் இறுதியில் ஹவானாவில் மட்டும் சிறிதும் பெரிதுமாக 8,000 தோட்டங்கள் இருந்தன. 1999இல் கியூப இயற்கை வேளாண்மைக் குழுவுக்கு, மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது.

அலமார் தோட்டம்

ஹவானாவின் கிழக்கே அலமார் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதி உள்ளது. 1997இல் இங்கு ஒரு சிறு துண்டு நிலத்தில் நான்கைந்து பேர் தொடங்கிய தோட்டம் விவேரோ அலமார். வேளாண் அமைச்சகத்தில் பணியாற்றிய மிகேல் சால்சினெஸ் இதன் முன்னோடி. பிற்காலத்தில் இது ஏறத்தாழ 10 ஹெக்டேருக்கு விரிந்தது; 150க்கு மேற்பட்டோர் உறுப்பினராயினர். மண்புழு உரம், நாற்றங்கால், நிழல்வலைக் கூடங்கள், உயிர்வேலி, சொந்த விற்பனை மேடை எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்தன. மேட்டுப்பாத்திக்குத் துணையாக வேண்டிய யாவும் ஓரிடத்தில் கூடியதற்கு இத்தோட்டம் எடுத்துக்காட்டு. உலகின் பல நாடுகளிலிருந்து மாணவர்களும் ஆய்வாளர்களும் வந்து பார்த்துச் சென்றனர்.

எட்டியதும் எட்டாததும்

மேட்டுப்பாத்திகள் நகர மக்களுக்குக் காய்கறியையும் கீரையையும் தந்தன. அரிசி, கோதுமை, சமையல் எண்ணெய், கோழி இறைச்சி ஆகியவற்றை அவை தரவில்லை, தரவும் இயலாது. இவற்றைக் கியூபா தொடர்ந்து இறக்குமதி செய்தது. 2001இல் மிச்சேல் சூறாவளி பயிர்களை அழித்தபின், பல பத்தாண்டுத் தடைக்கு நடுவிலும் அமெரிக்காவிலிருந்தே உணவு வாங்கத் தொடங்கியது. கிராமப்புறங்களில் தரிசாகக் கிடந்த நிலத்தை மக்களுக்கு வழங்க 2008இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. நகர்த் தோட்டங்களின் வெற்றியைக் கண்டு, கியூபா உணவில் தன்னிறைவு அடைந்துவிட்டது என்று எழுதியவர்கள் இதைக் கவனிக்கத் தவறினர்.

வேறு குறைகளும் இருந்தன. தொடக்கத்தில் பல தோட்டங்கள் நகரின் குடிநீரையே பாய்ச்சின. எரு தொலைவிலிருந்து வர வேண்டியிருந்ததால், வண்டி ஓடாத நாளில் பாத்திகள் பசித்தன. சூறாவளி வீசும்போது நிழல்வலைகள் கிழிந்தன. 2019க்குப் பின் எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் மீண்டும் கடுமையாயின; இளைஞர்கள் பெருமளவில் நாட்டை விட்டு வெளியேறினர். தோட்டங்களுக்கு ஆள் கிடைப்பதே அரிதாயிற்று.

ஆயினும் கியூப அனுபவத்திலிருந்து வெப்பநாடுகள் கற்றுக்கொள்ளத்தக்கவை பல. கோடையில் எந்தப் பயிர் வரும் என்று பார்த்து விதைப்பது, நிழல் கட்டுவது, ஆண்டுதோறும் எருவிடுவது, ஓரத்தில் மக்காச்சோளம் நடுவது, வேரைப் பிடுங்கிப் புழுவை வெளியேற்றுவது ஆகிய எதுவும் பெருஞ்செலவு கேட்பதில்லை. இவற்றுள் பல தமிழ்நாட்டு உழவர்களும் அறிந்தவையே. ஒரு நாடே பசித்திருந்தபோது, ஆய்வாளரும் படைவீரரும் ஓய்வுபெற்றவரும் இல்லத்தரசியும் சேர்ந்து இவற்றை ஒரே பாத்தியில் ஒன்றாகச் செய்துபார்த்தனர். கண்பார்வை மங்கிய 1993ஆம் ஆண்டுக்குப் பிறகு, கீரையை விரும்பாத ஒரு சமூகம் காலையில் தோட்டத்து வாசலில் கீரைக்கு வரிசையில் நின்றது.